தொப்பிப் பலகாரம்

மண்டபம் முகாம்
4 செப்டம்பர் 2022

அன்புள்ள றெபேக்காவுக்கு,

உனக்குப் போன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துதான் இதை எழுதுகிறேன். முதலில் உன் போன் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு அத்தானின் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீ எடுத்தாய். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். பழுது போனில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

நீ கோபப்படு. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தவள் என்று மட்டும் நினைக்காதே. நாங்கள் புறப்பட்ட அன்றைக்கு றொமிலாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாகக் கொப்பளிப்பான் போட்டிருந்தது உனக்குத் தெரியும். படகில் வர இருந்த மற்றவர்கள், "இந்தப் பிள்ளையை ஏத்தினா எங்கட பிள்ளையளுக்கும் தொத்தும், நாங்கள் இறங்கிறம்" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சின்னவன் ஜஸ்ரினுக்குக் கடைகளில் பால்மா இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் அத்தானின் வள்ளம் கரையிலேயே காய்ந்து கிடந்தது. "சின்னவனைக் காப்பாத்துவம், பெரியவளை அடுத்த படகில எடுப்பம்" என்று அவர் சொன்னார். நீயும்தானே, "நான் பாக்கிறன், போங்கோ அக்கா" என்றாய். அடுத்த படகு என்பது இப்படி எட்டாத ஒன்றாகிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஜஸ்ரின் தேறிவிட்டான், நடக்கிறான். அத்தானுக்கு வெளியில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. அவர் வாசலில் இருந்து பெருமூச்சு விடுவார், நான் உள்ளே இருந்து விடுவேன். எங்கள் நாள் அவ்வளவுதான்.

வருட முடிவில் நீ படிப்பிக்கிற நேசறியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு வைப்பீர்கள் அல்லவா? இந்த முறை அதில் என் பிள்ளையும் இருக்கிறாள். அதைப் பற்றியாவது எழுது. அவளோடு ஒரு தரம் கதைக்க விடு.

அக்கா
நிறஞ்சலா

*

வங்காலை
27 செப்டம்பர் 2022

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போன் எடுக்காததற்குக் காரணம் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் வீடியோவில் கதைத்து முடித்த ஒவ்வொரு முறையும் றொமிலா தன் பையில் ஒரு சட்டையை வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவாள். நான் பின்னால் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். அன்றிரவு சாப்பிடமாட்டாள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் போன் அடித்திருக்கிறீர்கள், அவளே பதில் சொல்லியிருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது வீட்டில் ஆள் இல்லை. கருவாடு வாங்க வந்த அலியார் நானாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்து கிடந்தாள். "தண்ணிக்குள்ள இறங்கி நடந்துகொண்டு நிண்டது, ரீச்சர். எங்க போறாய் எண்டு கேட்டன். அம்மாட்ட எண்டுது" என்றார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். உங்களுக்குக் கொடுமையாக இருக்கும். இப்போது அவள் சாப்பிடுகிறாள். எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன். போன் வேண்டாம்.

பட்டமளிப்பு டிசம்பர் 17, சனிக்கிழமை. பிள்ளைகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். சிலர் உங்களைப் போலக் கடலால் போனார்கள், சிலரைத் தாய்மார் நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் பலகாரம் பற்றிக் கேட்டேன். "தேத்தண்ணிக்கே விறகு பொறுக்கிறம், ரீச்சர். பலகாரம் சுட எண்ணெய்க்கு எங்க போறது?" என்று ஒரு தாய் கேட்டா. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நேசறியில் காஸ் முடிந்து நாளாகிறது. அதனால் அடுப்பு மூட்டாமல் ஏதாவது செய்வது என்று தீர்மானித்தோம். அங்கி தைக்கப் பழைய குடைகளின் கறுப்புத் துணியைச் சேர்த்திருக்கிறேன்.

என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அது பட்டமளிப்பு மாதிரி இருக்க வேண்டும். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் தெரியும். இந்த வேலைகளெல்லாம் வீட்டில் நீங்கள் செய்தவை.

றெபேக்கா

*

மண்டபம் முகாம்
23 ஒக்டோபர் 2022

றெபேக்கா,

அவள் கடலுக்குள் இறங்கினாள் என்று வாசித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அத்தானிடம் சொல்லவில்லை. இனிப் போன் அடிக்கமாட்டேன்.

பலகாரத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேள்.

முதலில் பட்டமளிப்புத் தொப்பி. சத்துமாவும் துருவின தேங்காய்ப்பூவும் பொடித்த பனங்கட்டியும் எடு. தண்ணீர் விடாதே, தேங்காயின் ஈரமே போதும். பிடித்து உருண்டையாக்கி அடிப்பக்கத்தைத் தட்டில் அமத்து, நேராக நிற்கும். அதுதான் தலை. மேலே ஒரு சதுர விசுக்கோத்து. கொக்கோத் தூளைக் கொஞ்சம் கட்டியான ரின்பாலில் குழைத்து அதன் மேல் பூசினால் கறுப்பாக வந்துவிடும். ஒட்டுவதற்கும் அதே குழையல்தான். குஞ்சத்துக்கு நூல் வைக்காதே, சின்னதுகள் விழுங்கிப்போடும். தேங்காய்ச் சொட்டை நார் நாராகச் சீவி மஞ்சள் நிறம் ஊட்டி வை.

அடுத்தது சான்றிதழ். பேக்கரிப் பாண் துண்டின் ஓரத்தை வெட்டி, போத்தலால் உருட்டித் தட்டையாக்கு. ஜாமை மெல்லிசாகப் பூசிச் சுருட்டு. சிவப்பு றிபனைக் கட்டு, கொடுக்கும்போது நீயே அவிழ்த்துவிடு. பழைய பாண் வெடிக்கும், அன்றைய பாண்தான் வேண்டும். வெட்டின ஓரங்களை எறியாதே. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தால் கூட வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஆகும். இரண்டு விசுக்கோத்துக்கு நடுவில் ஜாம் பூசி ஒட்டினால் புத்தகம்.

றொமிலாவுக்குத் தேங்காய்ச் சீவல் பிடிக்காது. அவளுடைய தொப்பிக்கு மட்டும் குஞ்சத்தை வேறு எதிலாவது செய். என்ன செய்யலாம் என்று இதை எழுதும்போதே யோசிக்கிறேன், வருகுதில்லை.

இனி முக்கியமான விஷயம். தலைமன்னார்ச் சிவராணி, அத்தானோடு தொழிலுக்குப் போன நிரோஷனின் பெண்சாதி, நவம்பர் நடுவில் பிள்ளைகளோடு வருகிறாள். றொமிலாவையும் தன் பிள்ளைபோல் கூட்டி வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஆள் அனுப்புவாள். நீ அவளைத் தலைமன்னார் வரைக்கும் கொண்டுபோய் விடு. பட்டமளிப்பு தவறிப்போகும்தான். தவறட்டும். பலகாரத்தை மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து கொடு. என் பிள்ளையை என்னிடம் அனுப்பு.

அக்கா

*

மண்டபம் முகாம்
19 நவம்பர் 2022

றெபேக்கா,

படகு வந்துவிட்டது. சிவராணி வந்துவிட்டாள், அவளுடைய மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கரையோரப் பொலிஸ் கொண்டுவந்து இறக்கிய வாகனத்துக்குப் பின்னால் நான் ஓடினேன். ஒவ்வொரு பிள்ளையாக இறங்கியது. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் நான் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா, அவ்வளவுதான்" என்று சிவராணி என் கையைப் பிடித்தாள்.

நீ அனுப்பவில்லை என்றால் கூடத் தாங்கியிருப்பேன். நீ தலைமன்னார் வரைக்கும் அவளைக் கூட்டி வந்தாயாம். சிவராணியின் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்தாயாம். பொழுது படும் நேரம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாயாம்.

கடல் அமைதியாக இருந்ததாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

உனக்குப் பிள்ளை இல்லை, கலியாணமும் ஆகவில்லை, வீடு வெறிச்சென்று கிடக்கும். விளங்குகிறது. ஆனால் அது என் பிள்ளை. அவள் உன்னை இப்போது என்னவென்று கூப்பிடுகிறாள்? அதை எனக்கு எழுது. உண்மையை எழுது.

நிறஞ்சலா

*

வங்காலை
10 டிசம்பர் 2022

அக்கா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது. கோபத்தில் எழுதியதைக் கிழித்தேன்.

நான் அவளை அனுப்பத்தான் கூட்டிப் போனேன். புதுச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, கழுத்தில் அந்தோனியார் சுரூபம் கட்டி. பஸ்ஸில், அம்மாவிடம் போகிறாய் என்று சொன்னேன். அவள் துள்ளவில்லை. "அப்ப தொப்பி போடுறது?" என்று கேட்டாள். "அங்க அம்மா போட்டு விடுவா" என்றேன். தலையாட்டினாள்.

பின்னேரம் படகுக்காரன் வந்தான். சிவராணியின் பிள்ளைகளுக்குப் பாணி மருந்து பருக்கினார்கள். நித்திரையாக்குகிற மருந்து. சின்னவன் வேண்டாம் என்று திமிறினான், வழியனுப்ப நின்ற தகப்பன் நிரோஷன் மூக்கைப் பொத்தி ஊற்றினார். படகுக்காரன் என்னைப் பார்த்து, "உங்கட பிள்ளைக்கும் குடுங்கோ. கடலில கத்தினா எல்லாரும் மாட்டுவம், நான் பாத்துக்கொண்டிருக்கமாட்டன்" என்றான். என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் கரண்டியை நீட்டினான்.

றொமிலா வாயைத் திறந்துகொண்டு நின்றாள், அக்கா. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கோயிலில் பாதரிடம் நன்மை அப்பம் வாங்க நிற்கிற மாதிரி நின்றாள். என்னால் ஏலாமல் போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படகு பத்திரமாகச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் பிழைவிட்டேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த படகுக்கு அனுப்பவும் மனதைத் திடப்படுத்தினேன். ஆனால் சிவராணி போன பிறகு கரை முழுக்க நேவி. அந்தப் படகுக்காரனையும் பிடித்துவிட்டார்கள். இனி ஏற்ற ஆள் இல்லை.

என்னவென்று கூப்பிடுகிறாள் என்று கேட்டீர்கள். ரீச்சர் என்று. நேசறியில் மட்டுமல்ல, வீட்டிலும். சின்னம்மா என்று கூப்பிட்டது நின்றுபோய் நாளாகிறது. நித்திரையில் பயந்து எழும்பினாலும் "ரீச்சர்" என்றுதான் கத்துகிறாள். உங்கள் இடத்தை நான் எடுத்துவிட்டேன் என்று பயப்பட வேண்டாம். அவள் யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

சத்துமா கிடைத்துவிட்டது. ரின்பால் அலியார் நானா எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து தந்தார்.

றெபேக்கா

*

வங்காலை
18 டிசம்பர் 2022

அக்கா,

நேற்றுப் பட்டமளிப்பு முடிந்தது. உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

காலையில் தாய்மார் நாலைந்து பேர் வந்து நேசறி மேசையைச் சுற்றி நின்று செய்தோம். முதலில் செய்த தொப்பிகள் சரிந்து விழுந்தன. பனங்கட்டியைக் கூடப் போட்டோம், நின்றது. கொக்கோக் குழையல் போதாமல் போனதால் கடைசித் தொப்பிகள் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. "இது பெயிலான பிள்ளையளுக்கு" என்று ஒரு தாய் சொல்ல எல்லோரும் சிரித்தோம். பாண் மட்டும் வெடித்தது. பேக்கரியில் மா இல்லை என்று முதல்நாள் பாணைத்தான் தந்தார்கள். றிபனை இறுக்கிக் கட்டிச் சமாளித்தேன். றொமிலாவின் குஞ்சத்துக்கு மாம்பழத் தோலை வெயிலில் காயவைத்து நறுக்கினேன். அதையும் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். அவளுக்குக் குஞ்சமே பிடிக்காதோ தெரியவில்லை.

மேடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் வந்து தலையில் அட்டைத் தொப்பி வைத்துவிட வேண்டும். அவளுடைய முறை வந்தபோது ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தது நான்தான். மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய் வைத்தேன். பெரிதாக இருந்தது, கண்ணை மறைத்தது. சரிசெய்ய விடாமல் அப்படியே நின்றாள்.

பாதர் எல்லாரிடமும் கேட்ட மாதிரி அவளிடமும், "பெரியாளா வந்து என்ன செய்வீங்கோ?" என்று கேட்டார். மற்றப் பிள்ளைகள் டொக்டர், பைலட், ரீச்சர் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். இவள், "வீட்டிலயே நிப்பன்" என்றாள். "படிச்சுப் போட்டுமா?" என்றார். "ஓம். ஒரு இடமும் போகமாட்டன்." ஆட்கள் சிரித்தார்கள். பாதரும் சிரித்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து கதிரைகளை அடுக்கும்போது நிர்வாகத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். தை மாதம் நேசறி திறக்காதாம். பிள்ளைகள் போதாது. மற்ற ரீச்சர் றஞ்சிதம் அதைக் கேட்டு அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. இலையான் மொய்த்துக்கொண்டிருந்த தட்டுகளைக் கழுவினேன்.

றெபேக்கா

*

மண்டபம் முகாம்
8 ஜனவரி 2023

அன்புள்ள றெபேக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன.

உன்னை மன்னித்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் அந்தக் கரண்டியை நீட்டியபோது நான் அங்கே நின்றிருந்தால் ஊற்றியிருப்பேன். ஜஸ்ரினுக்கு ஊற்றினேன். ஆனால் அவள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள் என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு உன்னைத் திட்ட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறேன்.

டிசம்பர் 17 அன்று நானும் செய்தேன். சத்துமாவுக்குப் பதில் பொட்டுக்கடலையை இடித்து வெல்லத்தோடு பிடித்தேன். சதுர விசுக்கோத்துக் கிடைக்கவில்லை, வட்டத்தைத்தான் வைத்தேன். தொப்பி மாதிரி இல்லை, குடை மாதிரி இருந்தது. எங்கள் அறை வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று பக்கத்து அறை அக்கா கேட்டா. "மகளின்ர பட்டமளிப்பு" என்றேன். "எந்த யூனிவர்சிற்றி?" என்றா. யாழ்ப்பாணம் என்று சொல்லிவிட்டேன். என்ன பாடம் என்று கேட்டா. கணக்கு என்றேன். நல்ல மகள், வேலை எடுத்து உங்களைக் கூப்பிடுவாள் என்று வாழ்த்திவிட்டுப் போனா. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

திரும்பி வரலாமா என்று முகாம் கந்தோரில் விசாரித்தேன். பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமாம். எவ்வளவு காலம் என்று அவர்களுக்கும் தெரியாதாம். அங்கே இறங்கியதும் களவாகப் போனதற்கு வழக்கு இருக்குமாம். அத்தான், "வள்ளமும் வித்தாச்சு, வலையும் வித்தாச்சு, மறியலில போய்க் கம்பி எண்ணவோ?" என்கிறார். பெயர் கொடுக்க விடமாட்டேன் என்று நிற்கிறார். கதைத்துக் கதைத்து இப்போது நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

நேசறி பூட்டினால் நீ என்ன செய்வாய்? அவளை என்ன செய்வாய்? உடனே எழுது.

அக்கா

*

கொழும்பு
2 பெப்ரவரி 2023

அக்கா,

நாளைக் காலையில் குவைத்துக்குப் போகிறேன். ஒரு வீட்டு வேலை. கடையில் நிற்க ஆள் கேட்கிறார்களா, தையலுக்கு ஆள் கேட்கிறார்களா என்று மன்னார் முழுக்க அலைந்து பார்த்துவிட்டுத்தான் இதற்குக் கையெழுத்து வைத்தேன். என்னோடு ஒரே அறையில் இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது.

றொமிலாவை மன்னாரில் சிஸ்டர்மாரின் விடுதியில் சேர்த்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு. விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிஸ்டர் நல்லவ. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போனில் கதைக்கலாம், நான் சொல்லிவிட்டேன். இனி என்னால் தடுக்க ஏலாது, தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னை இங்கே கூப்பிடுகிறேன் என்று சொல்லாதீர்கள். நாள் சொல்லாதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவள் என் சீலையைப் பிடிப்பாள், கத்துவாள், நான் விரல்களைப் பிரிக்க வேண்டி வரும், பிறகு ஓடிவர வேண்டும் என்று. அதற்காக இரவெல்லாம் என்னைத் தயார்செய்திருந்தேன். சொல்லும் ஆறுதலும் எல்லாம் வைத்திருந்தேன்.

சிஸ்டர் அவளுக்குக் கட்டிலைக் காட்டினா. தலையணையைத் தட்டிப் பார்த்தாள். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தானே பெட்டிக்குள் மடித்து வைத்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து, "நான் போயிட்டு வாறன், பிள்ளை" என்றேன்.

"சரி ரீச்சர்" என்றாள். பிறகு, என்னை அல்ல, சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கள் எப்ப போவீங்கள்?"

றெபேக்கா